திருகோணமலையில் முதல் வீடு வாங்குவோர் உறுதியை வாசிக்கும் முறை

திருகோணமலையில் வீடு தேடத் தொடங்கும் ஒருவர் முதலில் கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: எத்தனை அறை, கிணற்றுத் தண்ணீர் நல்லதா, பேர்ச் என்ன விலை. நான்காவது கேள்வி விலை பேசி முடிந்த பின்னர்தான் வரும். "உறுதி இருக்குத்தானே?" என்று கேட்பார், "ஓம், உறுதிக் காணிதான்" என்று பதில் வரும், அத்துடன் பேச்சு முற்பணத்துக்குத் தாவிவிடும். இந்தக் கட்டுரை அந்த நான்காவது கேள்வியைப் பற்றியது. அதை முதலாவது கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பதும், "ஓம்" என்ற ஒரு சொல் அதற்குப் பதிலாகாது என்பதும் என் கருத்து.

உறுதி என்பது வீட்டுக்குக் கிடைத்த சான்றிதழ் அன்று. ஒரு நிலத்தின்மீது ஒருவருக்கிருந்த உரித்தை இன்னொருவருக்குக் கைமாற்றியதைச் சொல்லும் பத்திரம் அது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையில் காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே முன்னிலையில் இருக்கும்போது கையொப்பம் இடப்பட வேண்டும். முழுப் பணத்தையும் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி, சாவியையும் கையில் வாங்கி, பால் காய்ச்சிக் குடிபுகுந்த ஒருவர்கூட, இந்த முறைப்படி உறுதி முடிக்காதவரை அந்த வீட்டின் உரிமையாளர் ஆகமாட்டார். அதேவேளை, எல்லா முறையும் தவறாமல் எழுதப்பட்ட உறுதிகூட, எழுதிக் கொடுத்தவரிடம் இருந்த உரித்துக்கு மேலாக ஒரு பிடி மண்ணையும் உங்களுக்குக் கொண்டுவராது. அவரிடம் பாதிதான் இருந்ததென்றால், முழுக் காணியையும் விற்றதாக எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது பாதிதான்.

இங்கேதான் பலர் காணிப் பதிவகத்தின் வேலையைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "பதிந்த உறுதி" என்றால் அரசாங்கம் சரிபார்த்து ஒப்புக்கொண்ட உறுதி என்று எண்ணுகிறார்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதியப்படுவது பத்திரமே தவிர உரித்து அல்ல. உரித்தில்லாத ஒருவர் எழுதிய உறுதியும் ஒழுங்காகப் பதியப்பட்டுப் பதிவேட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். உரித்தையே விசாரித்துப் பதிந்து சான்றிதழ் வழங்கும் முறை 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் கொண்டுவரப்பட்டது. 'பிம்சவிய' என்று பரவலாக அறியப்படுவது அதுதான். அந்த வேலை நடந்து முடியாத காணிகளைப் பொறுத்தவரை, பழைய பதிவேட்டைப் பக்கம் பக்கமாக வாசிப்பதைவிட வேறு வழி இல்லை. அந்த வாசிப்பு ஒன்றும் பெரிய வித்தை அன்று. ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு; அக்காணியைத் தொட்ட விற்பனை, நன்கொடை, ஈடு, நீதிமன்ற வழக்கு பற்றிய அறிவித்தல் எல்லாம் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். யார் யாருக்குக் கொடுத்தார், அவருக்கு அது எப்படி வந்தது என்று கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் மேலே போக வேண்டும்? வங்கிகளும் சட்டத்தரணிகளும் வழக்கமாக 30 ஆண்டுகளைக் கேட்பார்கள். மற்ற ஊர்களில் அது போதலாம். எங்கள் ஊருக்குப் போதாது என்றே நான் சொல்வேன். இன்றிலிருந்து 30 ஆண்டு பின்னோக்கிப் போனால் 1990களின் நடுப்பகுதியில் போய் நிற்போம். சனம் இடம்பெயர்ந்து, வீடுகள் வெறுமையாகக் கிடந்து, வெறும் வீடுகளில் வேறு யாரோ குடியேறியிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் தொடங்கும் ஓர் உறுதிச் சங்கிலி, அதற்கு முன்பு அந்த வளவு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே தொடங்குகிறது. 1983க்கு முந்திய ஓர் உறுதியாவது கையில் கிடைக்கும்வரை தேட வேண்டும். மூல உறுதி தொலைந்திருந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம்.

சங்கிலியின் தலையில் வெளிப்படுத்தல் உறுதி ஒன்று இருந்தால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். "இக்காணியை நான் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டு வருகிறேன், ஆகவே இது என்னுடையது" என்று ஒருவர் தானே எழுதிக்கொள்வதே வெளிப்படுத்தல் உறுதி. பத்தாண்டு காலம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிரான நிலையில் ஆண்டவருக்கு உரித்து உண்டாகும் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது உண்மையே. ஆனால் அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம், எழுதியவர் அல்லர். போரினால் தம் காணிக்குத் திரும்ப முடியாமற் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இந்தக் கணக்கிலிருந்து விலக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது என்பதையும் நினைவில் வையுங்கள். கடல் கடந்து போனவரின் பேரப்பிள்ளை ஒருநாள் பழைய உறுதியுடன் படலையில் வந்து நிற்பது இங்கே கட்டுக்கதை அல்ல.

இனி, காணியின் வகை. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று வீடுகள் மூன்று வகை நிலத்தில் நிற்கலாம். முதலாவது, தனியார் உறுதிக் காணி. மேலே சொன்னதெல்லாம் அதற்குப் பொருந்தும். இரண்டாவது, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. ஊரில் 'பெர்மிட் காணி' என்பார்கள். மூன்றாவது, அதே சட்டத்தின் கீழான அளிப்புக் காணி. சுவர்ணபூமி, ஜயபூமி என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயரில் கொடுக்கப்பட்டவை இந்த வகையைச் சேர்ந்தவை. பெர்மிட் வைத்திருப்பவர் அக்காணியில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் அனுமதி பெற்றவர். அதை ஓர் உறுதிக் காணியைப் போலத் தன் விருப்பப்படி விற்க அவரால் முடியாது. அளிப்புக் காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் கைமாற்ற முடியாது. சம்மதமின்றி எழுதும் உறுதி செல்லாது. 2024இல் 'உறுமய' என்ற பெயரில் இத்தகைய காணிகளுக்கு முழு உரித்து வழங்கும் வேலை தொடங்கப்பட்டது. விற்பவர் அதைச் சொன்னால், விண்ணப்பம் போட்டதற்கான துண்டை அல்ல, கிடைத்த பத்திரத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

இவற்றுக்கு வெளியே, துறைமுக நகரம் என்பதால் எங்களுக்கென்றே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன. குடாவைச் சுற்றிய பெருமளவு நிலம் துறைமுக அதிகாரசபைக்கு உரியது. கோயில் நிலம் உண்டு. நகருக்கு வெளியே போகப் போக வனத் திணைக்களத்தின் கற்களும் தொல்லியல் திணைக்களத்தின் பலகைகளும் குறுக்கிடும். இப்படிப்பட்ட நிலத்தில் நாற்பது வருடமாக ஒரு குடும்பம் குடியிருக்கலாம், மின்சாரமும் தண்ணீரும் அவர்கள் பெயரில் இருக்கலாம், சோலைவரிகூடக் கட்டிவரலாம். அவை எதுவும் உரித்து ஆகாது. வரிப் பற்றுச்சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து வைத்து "இதைவிட என்ன வேண்டும்?" என்று கேட்பவரை எனக்கும் தெரியும். அவர் பொய் சொல்வதில்லை. அதுதான் போதும் என்று மெய்யாகவே நம்புகிறார். பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் ஒரு காலைப்பொழுதைச் செலவழித்தால் இந்த ஐயம் தீரும்.

விற்பவர் யார் என்பது அடுத்தது; இதுதான் எங்கள் ஊரில் மிகச் சிக்கலானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஆகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் நகரம் இது. ஒருவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து யாருக்குப் போகும் என்பது அவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதைப் பொறுத்து மாறும். பொதுச் சட்டத்தின்படி, அதாவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவர் இறந்தால் மனைவிக்குப் பாதி. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பமொன்றில் முஸ்லிம் சட்டம் செல்லும்: பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளின் பங்கைப்போல் இரண்டு மடங்கு மகனுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே காணி வாங்கிய குடும்பங்களுக்குத் தேசவழமை என்ற வடபகுதி வழமைச் சட்டம் பொருந்தலாம். அப்படிப்பட்ட திருமணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதற்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. இது நியாயமா என்பது வேறு விவாதம். வாங்குபவர் அந்தக் கையொப்பத்தைத் தவறவிடக் கூடாது என்பதே இங்கு விடயம்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட தந்தை இறந்துவிட்டார். தாயும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்க்குப் பத்தில் ஐந்து பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்தில் ஒன்று. தாயும் இங்கிருக்கும் நான்கு பிள்ளைகளும் உங்களுக்குக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார்கள். கனடாவிலிருக்கும் ஐந்தாவது பிள்ளை "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்கிறார். நீங்கள் வாங்கியிருப்பது வீடு அல்ல, ஒரு வீட்டின் பிரிபடாத பத்தில் ஒன்பது பங்கு. தொலைபேசியில் வேண்டாம் என்றவரோ, அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகளோ மாவட்ட நீதிமன்றத்தில் பாகப் பிரிவினை வழக்குப் போடலாம். அப்போது உங்கள் வரவேற்பறையும் கிணறும் பங்குக்கு வரும். காணி வழக்குகள் எவ்வளவு காலம் இழுபடும் என்பதை இந்த ஊரில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு பொறி சீவிய உரித்து. கிழக்கில் வீடு மகளுக்கு என்பது வழமை. பெற்றோர் மகள் பெயருக்கு நன்கொடையாகவோ சீதனமாகவோ எழுதும்போது, தாம் உயிரோடு இருக்கும்வரை அதில் இருந்து அனுபவிக்கும் உரித்தைத் தமக்கு ஒதுக்கிவைப்பதும் உண்டு. உறுதியில் அது ஒரே ஒரு வசனமாக, நடுவில் எங்கோ கிடக்கும். மகளிடம் மட்டும் வாங்கினால், பெற்றோர் காலமாகும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரித்து உங்களுக்கு இல்லை. பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிட்டு அந்த உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் உள்ளவர் தன் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால் மூன்றைப் பாருங்கள்: அதில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, அது பதியப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா. கொடுத்தவர் இறந்த கணத்திலேயே அந்தத் தத்துவமும் இறந்துவிடும். ஒரு காணொளி அழைப்பில் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. அதை மரியாதைக் குறைவாக எண்ணுபவரிடம் வாங்காமல் விடுவதே உத்தமம். மறுபக்கமும் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் அண்ணன் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமை எடுக்காதவராக இருந்தால், அவர் பெயரையும் சேர்த்து உறுதி முடிக்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இடம்கொடாது.

எல்லையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் தங்கைக்கு அலஸ்தோட்டத்துப் பக்கம் வளவு பார்த்தபோது நாங்கள் பட்டது அதில்தான். உறுதியின் அடியிலுள்ள அட்டவணையில் 15 பேர்ச் என்றிருந்தது. 1960களின் தாய் உறுதி ஆங்கிலத்திலும், அடுத்தது தமிழிலும், பிந்தியது சிங்களத்திலும் இருந்தன. ஒரே வளவுக்கு மூன்று மொழி. சிங்களத்தில் இருந்ததை நாங்கள் வாசிக்காமல் தள்ளிவைத்திருந்தோம். நொத்தாரிசுதான் மூன்றையும் மேசையில் அருகருகே விரித்து, எல்லைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டார். ஆங்கிலத்தில் மேற்கெல்லை 'ஒழுங்கையும் பனையும்'. பிந்தியதில் 'வீதி' மட்டும். பனை எங்கே என்று போய்ப் பார்த்தால் வளவில் பனையே இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி வெளியே வந்து, தன் மதிலுக்கு உள்ளே, மலகூடக் குழியின் மூடிக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் கையால் காட்டி, "அந்தா, அதிலதான் பனை நின்டது, சூறாவளிக்கு விழுந்தது" என்றார். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்தபோது வந்தது 13.6 பேர்ச். விலை பேர்ச்சுக் கணக்கில் பேசப்பட்டிருந்ததால், அளவைக் கட்டணத்தைப்போலப் பலமடங்கு பணம் அந்த ஒரு நாளில் மிச்சமாயிற்று.

ஆகவே, விலையைப் பழைய உறுதியிலுள்ள அளவுக்குப் பேசாதீர்கள். புதிய அளவைப் படத்துக்குப் பேசுங்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச். யாழ்ப்பாணத்தார் பரப்பில் பேசினால் ஒரு பரப்பு 10 பேர்ச். ஒழுங்கை உங்கள் அட்டவணையில் பாதை உரிமையாக எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது அயலவரின் நல்ல மனத்தால் நடக்கும் பாதையா என்பதையும் அதே நாளில் பாருங்கள்.

கட்டடத்துக்குத் தனியாகச் சில தாள்கள் வேண்டும். உள்ளூராட்சிச் சபையின் அங்கீகாரம் பெற்ற வரைபடம், கட்டி முடித்த பின் கொடுக்கப்படும் இணக்கச் சான்றிதழ், வீதி எல்லைக்கோட்டுச் சான்றிதழ், காணி சபையால் கையேற்கப்படவில்லை என்ற சான்றிதழ் ஆகியவற்றை வங்கியும் கேட்கும். கடலோரம் ஆசைப்படுவோர் இன்னொன்றை அறிய வேண்டும்: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம்; அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விலைக்கு வரும் வளவுகள் பல இந்த 300 மீற்றருக்குள் விழும். உப்புவெளி தன் பெயரிலேயே எச்சரிக்கையை வைத்திருக்கிறது. ஆனியிலோ ஆவணியிலோ, கிணறு இறங்கிக் கிடக்கும் நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள். அதே வளவைக் கார்த்திகை மழையிலும் ஒருமுறை பாருங்கள்; வெள்ளம் எந்தப் பக்கம் வடிகிறது என்பதைத் தரகர் சொல்லமாட்டார்.

பணத்துக்கு வருவோம். வாங்குபவரே செலுத்த வேண்டிய முத்திரைத் தீர்வை பொதுவாக முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 80 இலட்ச ரூபா வீட்டுக்கு முதல் இலட்சத்துக்கு 3,000, மீதி 79 இலட்சத்துக்கு 316,000, ஆக 319,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணமும் அளவைக் கட்டணமும் வேறு. இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று சொல்வார்கள். தீர்வை பெறுமதியின் மீதுதான் கணிக்கப்படும் என்பது ஒருபுறமிருக்க, பின்னால் உரித்தில் பிழை வந்து பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால் உறுதியிலுள்ள தொகையைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கடன் எடுப்பவர் வட்டி மாறும் கடனா, மாறாத கடனா என்பதைக் கேட்காமல் கையொப்பமிடக் கூடாது. 50 இலட்சத்தை 20 ஆண்டுக்கு 12 சதவீதத்தில் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 55,000 ரூபா; மொத்தமாகக் கட்டுவது 132 இலட்சத்துக்கு மேல். வட்டி 14 சதவீதமானால் தவணை 62,000 ஐத் தாண்டும். இரண்டு சதவீதம் ஒரே இரவில் கூடுமா என்று கேட்பவர்கள் 2022 ஏப்ரலை நினைக்கட்டும். அன்று மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. இன்னொன்று: வங்கியின் சட்டத்தரணி உறுதியைப் பார்த்துவிட்டார் என்பதால் உங்கள் வேலை முடிந்துவிடாது. அவர் பார்ப்பது வங்கியின் பிணைக்காக. உங்களுக்காகப் பார்க்க ஒருவரை நீங்களே அமர்த்த வேண்டும். விற்பவருடைய நொத்தாரிசையே பாவிப்பது செலவைக் குறைக்கும், ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன்.

கையொப்பமிடும் நாளுக்கு முந்திய நாளோ அன்று காலையோ பதிவேட்டை மறுபடி ஒருமுறை தேடச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு முந்திய தேடல் இன்றைய ஈட்டைக் காட்டாது. உறுதி முடிந்ததும் அதைப் பதிவதற்குத் தாமதிக்காதீர்கள். ஆவணப் பதிவுச் சட்டத்தின் விளைவு இது: அதே விற்பனையாளர் அதே காணியை உங்களுக்குப் பின் இன்னொருவருக்குப் பெறுமதிக்கு விற்று, அவர் சூதுவாது அறியாமல் உங்களை முந்திப் பதிந்துவிட்டால், முதலில் வாங்கிய உங்கள் உறுதி அவருக்கு எதிராகச் செல்லாது போய்விடும். பதிந்து திரும்பிய உறுதியில் பதிவேட்டின் பக்க இலக்கமும் திகதியும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து, பிரதி ஒன்றைச் சபைக்குக் கொண்டுபோய்ச் சோலைவரி இடாப்பில் பெயரை மாற்றுங்கள். தண்ணீர், மின்சாரக் கணக்குகளை அதன் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.